கருமணல் லாரி வந்த நாட்கள்

ஜூன் 9, திங்கள்

கருமணல் லாரி வந்தது. வண்டி நாசம்.

காலையில்தான் ஸ்கூட்டரைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினேன். லாரிக்காரன் தார்ப்பாய் போடுகிற வழக்கமே கிடையாது. பக்கத்து ஃபவுண்டரியில் இரும்பு வார்த்து முடித்ததும் வெளியே கொட்டுகிற எரிந்த மணல் அது. அவர்களுக்குக் குப்பை, எங்கள் முதலாளிக்கு ஓசி. அவன் கொட்டிவிட்டுப் போன பத்தாவது நிமிடம் சீட்டு, கண்ணாடி, ஹேண்டில் எல்லாம் கரி. என் பல்லிடுக்கில்கூட நறநறவென்றது. அடிபிடித்த வெல்லப்பாகு மாதிரி ஒரு வாடை. ஆறு வருடமாக முகர்கிறேன், இன்னும் குமட்டல் நிற்கவில்லை.

இந்த டைரி ஒரு ஸ்டீல் கிரிட் வியாபாரி கொடுத்தது, மணலுக்குப் பதிலாக அடிக்கிற எஃகுக் குருணை விற்கிறவன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சுத்தமான பரப்பே நீடித்த பூச்சின் தொடக்கம்' என்று அச்சடித்திருக்கிறான். நாள்தோறும் அதைப் படிக்க வேண்டியது என் தலையெழுத்து. வருடா வருடம் ஓசியில் கொடுக்கிறான், நானும் வாங்கி எழுதுகிறேன்.

மதியம் சென்னியப்பன் முதலாளி கூப்பிட்டார். இரும்பின் மேல் நிறப்பொடி தூவி ஓவனில் சுட்டுப் பூச்சாக்குகிற எங்கள் பவுடர் கோட்டிங் பட்டறைக்குப் பெரிய வேலை வந்திருக்கிறதாம். ஓர் ஆஸ்பத்திரியின் பழைய இரும்புக் கட்டில்கள், நூற்று நாற்பது. பழைய பெயின்ட்டையும் துருவையும் காற்றழுத்தத்தில் மணல் பீய்ச்சி அடித்து உரித்து, புதிதாக ஐவரி நிறம் ஏற்றித் தர வேண்டும். தரம் பார்க்கிறவள் நான் என்பதால் என் பொறுப்பு. "அம்மிணி, நீங்கதான் இதையப் பார்த்துக்கோணும்" என்றபோது அவர் கடைவாயில் வெற்றிலைச் சாறு வழிந்து நின்றது. நான் மின்விசிறியைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

ஜூன் 11, புதன்

முதல் நாற்பது கட்டில்கள் வந்து இறங்கின. கடவுளே.

கம்பிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்ட தலைமுடி. நரைத்தது, கறுத்தது, மருதாணி போட்டது. தலைமாட்டில் ஒட்டிக் காய்ந்த பிளாஸ்திரி. கால் குழாய்க்குள் பஞ்சு. பெயின்ட்டுக்கு மேல் பெயின்ட்டாக ஏழெட்டு அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கு நடுவிலும் எதுவோ ஒரு கறை. அது என்னவென்று நான் யோசிக்கவில்லை, யோசிக்க மாட்டேன். ஒரு கட்டிலின் பக்கச் சட்டத்தில் ஆணியால் 'செவ்வாய் டிஸ்சார்ஜ்' என்று கீறி, அதை அடித்துவிட்டு 'வெள்ளி' என்று கீறி, அதையும் அடித்திருந்தது.

இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டு நாற்பதையும் எண்ணினேன். அந்த மணல் பிளாஸ்டிங் அடிக்கிற மாரப்பன் வெறுங்கையால் ஒவ்வொன்றையும் தட்டித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கையால் பீடியை எடுத்துப் பற்றவைத்தார். நான் மதியச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

ஜூன் 12, வியாழன்

சோப்பு தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமைதான் பிரித்தது.

ஜூன் 14, சனி

மாதிரிக்கு இரண்டு கட்டில் முடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கருமணலில்தான் அடித்தோம். மாரப்பன் பிளாஸ்டிங் அறையைவிட்டு வெளியே வரும்போது கண்ணிமை மட்டும்தான் மனித நிறத்தில் இருந்தது. அறையின் தூசி உறிஞ்சும் விசிறி பழுதாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் தலையில் மாட்டும் ஹூடின் துணி கழுத்துப் பக்கம் கிழிந்து தொங்குகிறது, அதற்கு ஈரத் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொள்கிறார்.

கட்டிலோடு போகிற தரப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

மாரப்பனின் இருமல் தாங்க முடியவில்லை. தேநீர் நேரத்தில் எனக்கு நாலடி தள்ளி நின்று இருமி, சுவரோரம் துப்பினார். கறுப்பு. தார் போலக் கெட்டியாக. என் டம்ளரை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். நாற்பத்தாறு வயது ஆளுக்கு எங்கே துப்ப வேண்டும் என்று தெரியாதா? இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி ஒரு குடும்பம் சாப்பிடுகிறது?

இவருக்கு முன்னால் கருப்பணன் இருந்தார். அவரும் இப்படித்தான் துப்புவார். டீபி என்று சொல்லிக்கொண்டு நான்கு வருடம் முன்பு நின்றுவிட்டார். பிறகு ஒருநாள் அவர் மனைவி தெய்வாத்தாள் ஆபீசுக்கு வந்து ஏதோ காகிதம் கேட்டார். மருந்து வாடையோடு வந்தார். என் டம்ளரில்தான் தண்ணீர் கொடுத்தேன். அவர் போனதும் அதைக் குப்பையில் போட்டுவிட்டேன். இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் வந்தார். சிஸ்டர் ஜெசிந்தா. ஐம்பது வயதுக்கு மேல், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, அதில் ஒரு சுருக்கம் இல்லை. இந்தப் பட்டறைக்குள் ஆறு வருடத்தில் நான் பார்த்த முதல் சுத்தமான மனுஷி. நாங்கள் அனுப்பிய மாதிரிக் கட்டிலில் ஒன்றை லோடு ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

கட்டிலின் அடிப்பக்கம் நகத்தால் கீறினார். ஐவரி நிறம் தோல் மாதிரி உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் பஞ்சால் ஒரு துடைப்பு. பஞ்சு கறுத்தது. கையிலிருந்த எங்கள் படிவத்தைப் பார்த்தார். "கார்னெட்ல அடிச்சதா எழுதியிருக்கீங்க. கார்னெட்னா இந்தக் கரி எங்கிருந்து வந்தது?"

முதலாளி சிரித்துக்கொண்டே, அது கொஞ்சம் பழைய சரக்கு என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். நல்ல கையெழுத்துதான் எனக்கு. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன்.

சரி, எழுதிவிடுகிறேன். எல்லாப் படிவத்திலும் 'சுத்திகரிப்புப் பொருள்' என்ற கட்டத்தில் நான் கார்னெட் என்றுதான் எழுதுகிறேன். அது கரியில்லாத, விலை கூடிய சிவப்புக் கல் மணல், வாடிக்கையாளர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். சேர்ந்த புதிதில் முதலாளியிடம் கேட்டேன். "ரெண்டும் மண்ணுதான அம்மிணி, எழுதறதுல என்ன கொறஞ்சு போச்சு" என்றார். அப்போது எனக்கு இந்த வேலை தேவைப்பட்டது. இப்போதும் தேவைப்படுகிறது.

கரி நிற்காத ஒரு பொருளில் அடித்துக் காட்டினால்தான் மீதிக் கட்டில்கள் உங்களுக்கு என்று சொல்லிவிட்டு சிஸ்டர் கிளம்பினார். போகும்போது பிளாஸ்டிங் அறைக் கதவோரம் நின்று மாரப்பனின் இருமலைச் சற்று நேரம் கேட்டார். மாரப்பன் துப்புகிற இடத்தை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று நான் மறைத்து நின்றேன்.

ஜூன் 19, வியாழன்

பொருள் தேடல் ஆரம்பம். முதலாளிக்குப் பிடித்தது ஸ்டீல் கிரிட், ஏனென்றால் ஒருமுறை வாங்கினால் வருடக் கணக்கில் அள்ளி அள்ளி அடிக்கலாம். கட்டில் குழாயோ மெல்லியது, உள்ளே பாதி துருவே தின்றிருக்கிறது. மாரப்பன் குழலைத் திருப்பிய அரை நிமிடத்தில் காலில் சல்லடை மாதிரி ஓட்டை. ஓட்டை வழியாக உள்ளிருந்து பழுப்பாக ஏதோ கொட்டியது. ஒரு கரப்பான் குடும்பமும் வந்தது.

டைரிக்காரனின் கிரிட் அல்லவா, அவனுக்கு இந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்ப வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

கண்ணாடி மணிகள். பொடிப்பொடியாக ஜவ்வரிசி போலப் பார்க்க அழகு. அலுமினியத்துக்கு நல்லது. எங்கள் ஏழெட்டு அடுக்கு எனாமலின் மேல் பட்டு வழுக்கிக்கொண்டு போனது. ஒரு மணி நேரம் அடித்த பிறகு பழைய பெயின்ட் முன்னைவிடப் பளபளவென்று மின்னியது. கறையும்தான்.

ஜூன் 21, சனி

கார்னெட் ஒரு மூட்டை கடன் கேட்டு வாங்கி வந்தேன். உண்மையான கார்னெட். ஆறு வருடமாக நான் எழுதிவரும் பொருளைக் கையால் தொட்டது இன்றுதான். மாதுளை முத்தைப் பொடித்தது போன்ற நிறம், வாடையே இல்லை.

மாரப்பன் ஒரு கட்டிலை அடித்தார். ஏழெட்டு அடுக்கும் போய், இரும்பு வெளிறிய வெள்ளையாக வந்தது. அந்த வெள்ளையைப் பார்த்து என்னை அறியாமல் வெறுங்கையால் தொடப் போனேன், பிறகு இழுத்துக்கொண்டேன். அறைக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் தெரிந்தது. கருமணல் அடித்தால் தன் கையே தெரியாது என்று மாரப்பன் சொன்னார்.

சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் ஓடி வந்தார். உள்ளங்கையை விரித்து நீட்டினார். "மேடம், பாருங்க. இன்னிக்கு வெள்ளையா வருதுங்க."

எச்சில். மனுஷன் தன் எச்சிலைக் கையில் ஏந்திக் கொண்டுவந்து காட்டுகிறார். வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன். ஆனால் வெள்ளையாகத்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சாம்பல் நிறம்.

ஜூன் 23, திங்கள்

முதலாளியோடு ஒரு மணி நேரம் வாதாடினேன். கார்னெட் விலை கூட என்றார். சலித்து எடுத்தால் நாலைந்து முறை அடிக்கலாம் என்றேன். மாரப்பனைப் பற்றியும் சொன்னேன். மூச்சு வாங்குகிறது, இப்படியே கருமணல் அடித்தால் கருப்பணன் போன வழிதான் என்றேன். "பீடியக் குடிக்கிறவன் இருமத்தான் செய்வான்" என்று வெற்றிலையைத் துப்பினார்.

கடைசியில் ஒப்புக்கொண்டது இது: பத்துக் கட்டில் கார்னெட்டில். தேறினால் மீதி எல்லாமே அதில்தான். தேறாவிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லி சிஸ்டரைச் சரிக்கட்டிவிட்டுக் கருமணலுக்கே திரும்புவது, அப்புறம் நான் வாயே திறக்கக் கூடாது.

ஜூன் 25, புதன்

அமாவாசை. பட்டறையில் பூஜை. மாதம் தவறாமல் நடக்கிற கூத்து. கம்ப்ரசருக்குச் சந்தனம், ஓவனுக்குக் குங்குமம், வாசலில் பூசணிக்காய் உடைத்து அந்தச் சதையை ஈ மொய்க்கச் சாயங்காலம் வரை விட்டுவைப்பது. திருநீற்றுத் தட்டில் பதினெட்டுப் பேர் விரல் விடுவார்கள். நான் தூர நின்று கும்பிட்டுக்கொள்வேன்.

பத்துக் கட்டிலும் அடித்து முடிந்தது. டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு புள்ளி துரு இல்லை. வெளியே சாரல், மறுபடி துரு ஏறிவிடும் என்பதால் நாலு மணி நேரத்துக்குள் பவுடர் ஏற்றச் சொல்லிவிட்டுப் படிவம் எழுத உட்கார்ந்தேன். கார்னெட் என்று எழுதும்போது எழுத்து கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

ஜூன் 26, வியாழன்

பத்தும் பாழ்.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டுத் தகட்டிலும் உட்பக்கம் கொப்புளம். ஊசியால் குத்தினது போல் சின்னச் சின்ன ஓட்டைகள். தேமல் பிடித்த தோலைப் பார்ப்பது போல இருந்தது. முதலாளி கொப்புளத்தைக் கட்டை விரலால் உரித்து என் மேஜையில் வைத்தார். "உங்க கார்னெட்டு" என்றார். நாளைக்குக் கருமணல் லாரிக்குச் சொல்லிவிட்டாராம்.

மாரப்பன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருமவில்லை. இருமலை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

கருமணல் லாரி வந்தது. வண்டி நாசம்.

கழுவப் போகாமல், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்தப் பத்துக் கட்டில்களிடம் போனேன். பொருள் தவறு என்றால் தகடு முழுக்கக் கொப்புளம் வர வேண்டும். இதில் தலைமாட்டில் மட்டும். அதுவும் கோடாக. மூன்று கோடு, படுக்கை வாட்டில், விரல் அகலத்தில். பத்துக் கட்டிலிலும் அதே மூன்று கோடு.

பட்டை. யாரோ கட்டிலுக்குத் திருநீறு பூசியிருக்கிறார்கள்.

மாரப்பனைக் கூப்பிட்டேன். மறுக்கவே இல்லை. நான் டார்ச் அடித்துவிட்டுப் போனதும் பூஜைத் தட்டிலிருந்து எடுத்து, தண்ணீரில் குழைத்துப் பூசினாராம். "இதுல எத்தன பேருக்கு உசுரு போயிருக்குமுங்க மேடம். பெயின்ட்ட உரிச்சாப் போதுங்களா? இனிப் படுக்கறவங்களாச்சும் எந்திரிச்சு வீட்டுக்குப் போவோணுமுங்க" என்றார். கருமணல் அடித்த இரும்பாக இருந்தால் கறுப்பின் மேல் சாம்பல் பளிச்சென்று தெரிந்திருக்கும், எவனாவது துடைத்திருப்பான். கார்னெட் அடித்த வெள்ளையில் வெள்ளை தெரியவில்லை. குழைத்த சாம்பல் காய்ந்து ஒட்டிக்கொண்டது, ஓவன் சூட்டில் பவுடரைத் தூக்கிவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாருக்காக நான் முதலாளியிடம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேனோ அந்த மனுஷனே மூன்று விரலால் அழித்துவிட்டார். ஓவன் பார்த்த வடக்கத்தி ஆள் ஒருவனை, சாமான் மாட்டுகிற இரண்டு கொக்கி தவறி விழுந்ததற்கே முதலாளி நின்ற இடத்தில் வேலையைவிட்டு அனுப்பியவர். மாரப்பன்தான் என்று சொன்னால் கார்னெட் பிழைக்கும், மாரப்பன் வேலை போகும். சொல்லாவிட்டால் வேலை இருக்கும், நாளைக் காலை அவர் கருமணலுக்குள் நுழைய வேண்டும்.

மாரப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மேடம், சொல்லிப்போடாதீங்க. நான் கருமணலே அடிச்சுக்கறேனுங்க."

அந்தப் பணிவு எனக்கு அந்தக் கறுப்பு எச்சிலைவிட அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, அரை நொடி எனக்குள் வந்துபோன நிம்மதி.

சிஸ்டர் ஜெசிந்தாவுக்கு போன் செய்து நாளைக்கு வரச் சொன்னேன்.

ஜூன் 28, சனி

கார்னெட் அடித்த கட்டில் கால்கள் இரண்டை மேஜையில் வைத்தேன். முதலாளி, சிஸ்டர், தள்ளி மாரப்பன். இதில் ஒன்றில் மட்டும் திருநீறு பூசப்போகிறேன், இரண்டுக்கும் ஒரே பவுடர், ஒரே ஓவன், பிறகு பாருங்கள் என்றேன்.

திருநீற்றுத் தட்டு பூஜை மாடத்தில் இருந்தது. அமாவாசையன்று பதினெட்டுப் பேர் விரல் விட்ட அதே தட்டு. குழைக்கத் தண்ணீர், எல்லோரும் வாய் வைத்துக் குடிக்கிற பானை டம்ளரில். கையுறையைக் கழற்றினேன். வெறும் மூன்று விரலால் தொட்டு இழுத்தேன். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கூசியது.

அரை மணியில் ஓவன் திறந்தது. ஒரு கால் கோழிமுட்டை ஓடு மாதிரி வழுவழுப்பு. மற்றதில் மூன்று கோடு கொப்புளம், வேறெங்கும் ஒன்றுமில்லை.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை, மாரப்பனைத்தான் பார்த்தார். "அந்தப் பத்துக் கட்டில்ல பூசுனது யாரு?"

"நான்தானுங்க" என்றேன்.

"நீங்களா? கட்டிலத் தொடறதுக்கு ரெண்டு ஜோடி கிளவுஸ் போடறவங்க நீங்க."

மூன்று விரலையும் அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். திருநீறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவர் நம்பவில்லை என்பது அவருக்கும் எனக்கும் தெரியும். ஆனால் சிஸ்டர் முந்திக்கொண்டார். பூசியது யாராக இருந்தாலும் தனக்குக் கவலை இல்லை, கார்னெட் என்றால் மீதிக் கட்டில் எல்லாம் இங்கேயே, இல்லையென்றால் திங்கட்கிழமை வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வோம் என்றார். முதலாளிக்கு வேறு வழியில்லை. இனி அமாவாசைக்கு நான் பூஜைப் பக்கமே வரக் கூடாது என்று தண்டனை விதித்துவிட்டுப் போனார். என்ன பெரிய தண்டனை.

கிளம்பும்போது சிஸ்டர் மாரப்பனை நிறுத்தி, எத்தனை நாளாக இந்த இருமல் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

ஜூன் 30, திங்கள்

கார்னெட் முப்பது மூட்டை வந்தது. ஸ்கூட்டர் சுத்தமாக இருந்தது.

ஜூலை 2, புதன்

மாரப்பன் வரவில்லை.

ஜூலை 5, சனி

சிஸ்டர் அழைத்திருந்தார். போனேன்.

எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். நுரையீரல் இரண்டிலும் மேல்பக்கம் பொரி சிதறினது போல் வெள்ளை வெள்ளையாக. டீபி இல்லையாம். மணல் தூசி உள்ளே போய்ப் படிந்து கட்டியாகிவிட்டதாம். சிலிக்கோசிஸ். இனிப் போகாது, மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மணல் அடித்த வேலையால் வந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் இஎஸ்ஐ தொழிலாளர் காப்பீட்டில் ஆயுசுக்கும் மருத்துவமும் உதவித்தொகையும் உண்டு.

"எழுதலாம்தானே" என்றேன்.

சிஸ்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எக்ஸ்ரேவுக்குக் கீழே வைத்தார். ஜூன் 14ஆம் தேதிப் படிவம்.

"நாலு வருஷமா கறுப்பு மணல்ல அடிச்சேன்னு அவர் சொல்றார். கார்னெட்ல அடிச்சதா உங்க கையெழுத்து சொல்லுது. கார்னெட்டால நுரையீரல் இப்படி ஆகாது. டாக்டர் யார் சொல்றதை நம்பணும்?"

என் கையெழுத்து அழகாக, சாயாமல், வரிசையாக நின்றது. வாய்க்குள் எச்சில் ஊறியது. வாந்தி வரப்போகிறது என்று தெரிந்து வெளியே ஓடினேன். ஆஸ்பத்திரி வாஷ்பேசின், எத்தனை பேர் துப்பியதோ. அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

தெய்வாத்தாள் அன்றைக்குக் கேட்டதும் இதைத்தான். கருப்பணன் என்ன வேலை செய்தார் என்று எழுதித் தரச் சொன்னார். முதலாளியிடம் கேட்டேன். கோப்பிலிருந்து பழைய படிவங்களின் நகலைக் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்தேன். நான் எழுதிய கார்னெட், கார்னெட், கார்னெட். அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அந்த டம்ளரைக் குப்பையில் போட்டேன். மருந்து வாடைக்காக அல்ல.

நான் சொன்னால் மட்டும் போதுமா, ஆதாரம் வேண்டும் அல்லவா என்று நாள் முழுக்க யோசித்தேன். பட்டறைக் கோப்பில் இருப்பதெல்லாம் நான் எழுதிய பொய். மணல் ஓசி, அதற்கு ரசீது கிடையாது.

சாயங்காலம் அலமாரியில் துணி எடுக்கும்போது டைரிகள் கண்ணில் பட்டன. கிரிட் வியாபாரி கொடுத்த ஆறு டைரிகள். ஒன்றைப் பிரித்தேன். 'கருமணல் லாரி வந்தது. வண்டி நாசம்.' இன்னொன்று. 'மறுபடி கருமணல். சீட்டெல்லாம் கரி, சனியன்.' ஒரு லாரி விடவில்லை நான். என் ஸ்கூட்டரின் மேல் எனக்கிருந்த அக்கறை அப்படி. தேதி வாரியாக எண்ணிப் பார்த்தேன். ஆறு வருடத்தில் தொண்ணூற்று நான்கு லாரி.

ஜூலை 7, திங்கள்

இந்த டைரியையும் கொடுக்க வேண்டும். ஜூன் 17ஆம் தேதிப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். மாரப்பனைப் பற்றி நான் எழுதியிருப்பதை ஒரு டாக்டர் படிப்பார், ஒருவேளை மாரப்பனுக்கே யாராவது படித்துக் காட்டுவார்கள். ஆனால் அவர் கறுப்பாகத் துப்பினார் என்று தேதியோடு இருப்பது அந்தப் பக்கத்தில்தான். கிழிக்கவில்லை.

தனியாக ஒரு காகிதத்தில் எழுதினேன்: நான் கையெழுத்திட்ட படிவங்களில், இந்த ஜூன் 25க்கு முந்தைய எதிலும் கார்னெட் இல்லை, எல்லாம் ஃபவுண்டரியின் எரிந்த மணல். கீழே கையெழுத்து. இந்த முறை கோணலாக வந்தது.

ஜூலை 9, புதன்

எழுதிக் கொடுத்தது தெரிந்து வேலை போயிற்று. முதலாளி திட்டவில்லை. "உங்களுக்கென்ன அம்மிணி கேடு" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். என் டம்ளரை மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன். பிளாஸ்டிங் அறைச் சுவரோரம் மாரப்பன் துப்பிய கறுப்பு அப்படியே காய்ந்திருந்தது.

அந்தக் காகிதத்தையும் மாரப்பன் காலத்து நான்கு டைரிகளையும் இந்த வருடப் பக்கங்களின் நகலையும் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். எழுதித் தருவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆறு என்றீர்களே, இரண்டு எங்கே என்று சிஸ்டர் கேட்டார். அவற்றின் நகல் பிறகு தருகிறேன், அசல் வேறொருவருக்குச் சேர வேண்டியது என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

தாராபுரத்துக்கு பஸ். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். தெய்வாத்தாள் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை, கருப்பணன் வீடு என்றதும் காட்டினார்கள். அவர் இறந்து இரண்டரை வருடம் ஆகிறது.

தெய்வாத்தாள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். படிவம் பொய் என்பதை, தெரிந்தே கொடுத்தேன் என்பதை. இஎஸ்ஐயில் மறுபடி மனுப் போடலாம், கூட வருகிறேன் என்பதை. கருப்பணன் காலத்து இரண்டு டைரிகளையும் நீட்டினேன். எழுத்து படிக்கத் தெரியாது, நீங்களே படியுங்கள் என்றார்.

படித்தேன். "மார்ச் நாலு. கருமணல் லாரி வந்தது. வண்டி நாசம். மார்ச் இருபத்தொண்ணு. கருமணல் லாரி. ரெண்டு தடவ கழுவியும் கரி போகல." ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏப்ரலுக்குப் பக்கம் திருப்பும்போது அவர் கேட்டார்.

"தெனமும் கழுவுவீங்களா வண்டிய?"

"லாரி வர்ற அன்னைக்கெல்லாம் கழுவிடுவேன்."

அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சொம்பின் விளிம்பு நசுங்கியிருந்தது, வெளியே பழைய புளிக்கறை. வாய் வைத்துக் குடித்தேன்.